அப்பா அம்மாவை ரோமுக்கு அழைத்துப்போகிறவர்களுக்கு

சித்தியும் சித்தப்பாவும் இரண்டு வருஷத்துக்கு முன் பத்து நாளில் ஏழு நாடு என்று ஒரு சுற்றுலாவில் ஐரோப்பா வந்துபோனார்கள். ரோம் எப்படி இருந்தது சித்தி என்று கேட்டேன். "கொலோசியம் வாசல்ல இருபது நிமிஷம் நிறுத்தினாங்க, பாத்ரூம் தேடவே அது சரியாப் போச்சு" என்றார். பணி ஓய்வுப் பணத்தில் இருந்து எடுத்துக் கட்டிய பயணம் அது. அன்றிலிருந்து எனக்கு இந்த மாதிரிப் பயணத் திட்டங்கள் மேல் கோபம்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன அக்டோபரில் அம்மா பிராங்க்பர்ட்டில் என்னிடம் வந்திருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் ரோம் போனோம். அம்மாவுக்கு 67 வயது, வலது முழங்கால் தேய்மானம். விருதுநகரில் அப்பாவோடு சேர்ந்து முப்பது வருஷம் மளிகைக் கடை பார்த்தவர். முதல் நாள் காலை கொலோசியமும் மதியம் வத்திக்கான் அருங்காட்சியகமும் என்றுதான் முதலில் பட்டியல் போட்டிருந்தேன், நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். முன்பதிவு செய்ய உட்கார்ந்தபோது அம்மாவின் காலை நினைத்து வத்திக்கானை மூன்றாம் நாளுக்குத் தள்ளினேன். அந்த ஒரு முடிவால்தான் முதல் நாள் நன்றாக அமைந்தது.

கொலோசியத்துக்குள் கண்டிப்பாகப் போங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, முட்டி வலி என்று சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள். கி.பி. 80இல் திறந்த அரங்கம், கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சுவர் வளைவுகளின் மேல் அன்று வெட்டிய ரோம எண்கள் இன்னும் தெரிகின்றன, யார் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதற்கான எண்கள். சுவர் முழுக்க ஏன் இவ்வளவு ஓட்டை என்று அம்மா கேட்டார். கற்களைப் பிணைத்திருந்த இரும்பை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டுபோன தடயம் அது. பேருந்து ஜன்னலில் இருந்து பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வியே வராது.

அதே டிக்கெட்டில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் பக்கத்தில் இருக்கும் பாலட்டைன் குன்றும் அடக்கம். குன்றை விட்டுவிட்டோம். ஃபோரத்தில் நிழல் குறைவு, பழைய பாதையின் பெரிய கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், முழங்காலுக்கு அதுதான் அன்றைய கடினமான பகுதி. ஆனால் அங்கே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொதுமண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகளுக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தபோது, இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன் இந்த இடத்தில் பேரரசர் தோமிசியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "மிளகுக்குன்னு தனிக் கிடங்கா?" என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்தான், அப்புறம் கேள்விக்கு மேல் கேள்வி. எந்தத் துறைமுகம், எத்தனை நாள் கப்பல், ஈரம் படாமல் எப்படிக் கொண்டுவந்தார்கள். கேரளக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகத்தில் ஏற்றி, பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல் வந்து, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதி வழியாக அலெக்சாந்திரியா, அங்கிருந்து மறுபடி கப்பல் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிளகு மூட்டையைக் கையால் அள்ளிப் பார்த்து விலை சொன்னவருக்கு இதைவிட நெருக்கமாக ரோமை வேறு எப்படிக் காட்ட முடியும்!

மதியச் சாப்பாடு, வெட்டி எடைபோட்டுத் தரும் கடையில் சீஸ் இல்லாத தக்காளி பீட்சா. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: ரோமின் பெக்கோரினோ சீஸில் ஆட்டுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் உறைப்பொருள் சேர்க்கிறார்கள், ஆகவே முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு நசோனே என்று வார்ப்பிரும்புக் குழாய்கள், ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன, பகல் இரவு ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம். கழிப்பறை வேண்டுமென்றால் ஒரு காபிக் கடையில் நின்றபடி எஸ்பிரெசோ குடித்துவிட்டுக் கேளுங்கள். உட்கார்ந்து குடித்தால் பல கடைகளில் விலை கூடும்.

மதியத்துக்கு மேல் எந்த முன்பதிவும் இல்லை. டாக்சி பிடித்து பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயில் பக்கம் இறங்கினோம். அங்கே இருந்து எல்லாமே பத்து நிமிஷ நடைக்குள். சான் லூயிஜி தெய் பிரான்செசி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, உள்ளே போக இலவசம், கூட்டமும் அவ்வளவு இல்லை. ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சியில் ஒருவன் தலையை நிமிர்த்தாமல் மேஜை மேல் காசை எண்ணிக்கொண்டே இருக்கிறான். "கல்லாவில உக்காந்தவன் எவன் வந்தாலும் நிமிர மாட்டான்" என்று அம்மா சொல்லி, இன்னொரு காசு போடச் சொன்னார். நான்கு தடவை போட்டோம்.

நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651இல் முடித்தது, கண்டத்துக்கு ஒரு நதி. ஆசியாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது கங்கை. கையில் நீளத் துடுப்போடு தாடி வைத்த ஓர் ஆண். நமக்குக் கங்கை தாய் ஆயிற்றே, அம்மா வெகு நேரம் அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரெவி நீரூற்றுக்கும் போனோம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

கடைசியாக பாந்தியன், நாங்கள் போனபோது 5 யூரோ டிக்கெட். உள்ளே பெஞ்சுகள் இருப்பது பெரியவர்களுக்குப் பெரிய உதவி. குவிமாடத்தின் விட்டமும் தரையில் இருந்து உச்சியின் உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட், மேலே போகப் போக எடை குறைந்த கல்லாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், சுமார் 1,900 வருஷமாக நிற்கிறது. உச்சியில் மூடாத வட்டம், அதுதான் ஒரே ஜன்னல். அதன் வழியாக விழுந்த வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்தபடி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். ஸ்பானியப் படிகளுக்கு நேரம் இல்லாமல் போனது. அங்கே இப்போது உட்கார்ந்தால் அபராதம் வேறு, முட்டி வலியோடு போய் என்ன செய்வது?

பெற்றோருக்கு டூர் பதிவு செய்கிற பிள்ளைகளே, பணம் கட்டுமுன் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். "ஃபோட்டோ ஸ்டாப்" என்று இருந்தால் உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள் என்று அர்த்தம். ஏழு நாட்டை இரண்டாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போகும் பெரிய இடம் காலையில் ஒன்று போதும், மாலையில் கால் ஆற உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் வலிக்கும் மனிதரைக் கருங்கல் பாவிய தெருக்களில் கொடி பிடித்தவர் பின்னால் ஓடவிடுவது கொடுமை, காசு கொடுத்து அதை வாங்காதீர்கள்.

நான்காம் நாள் காலை நல்ல மழை. மாலையில்தான் விமானம். அறையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். "அந்த வட்டம் வழியா மழை உள்ள விழும்ல, விடறதுக்குள்ள போயிரலாமா?" என்று அம்மாதான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி டிக்கெட் எடுத்தோம். நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். உச்சியில் இருந்து மழை நேராகப் பளிங்குத் தரையில் விழுந்து, அங்கே இருக்கும் சின்னச் சின்னத் துளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கயிற்றுக்கு அருகில் போய்க் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. சாரல் மட்டும் பட்டது.