"லைட் டியூட்டி" என்று எழுதிவிட்டால் போதுமா?

விரல் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தையல் போட்டு வேலைக்குத் திரும்பி, அங்கே அந்தத் தையல் மறுபடி அறுந்துபோன அந்தத் தம்பியின் கையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "டாக்டர் லைட் டியூட்டி (லேசான வேலை) எழுதினார், நாங்களும் அதைத்தான் கொடுத்தோம், அவன்தான் பொறுப்பில்லாமல் இருந்துவிட்டான்" என்று அவன் வேலை செய்யும் யூனிட் கொடுத்த விளக்கத்தைப் படித்தபிறகு முடியவில்லை.

கொடுத்தது என்ன வேலை? தரை துடைப்பது. விரலை மடக்கும் தசைநாண் அறுந்து, தையல் போட்ட 7-வது வாரத்தில்! ஈரத்துணியைப் பிழியும்போது விரல்கள் முழு பலத்தோடு மடங்கி இறுகும். அந்த இழுவை நேராகத் தையலில்தான் போய் விழும். பார்க்கிறவருக்கு அது லேசான வேலை, தையலுக்கு இல்லை.

பொதுவாக 6 வாரம் வரை ஸ்பிளின்ட், அதாவது கையைத் தாங்கும் பட்டை. பிறகு ஸ்பூன், பேனா பிடிக்கிற அளவு. 8-வது வாரம் வாக்கில் பிடிமானப் பயிற்சியை மெல்லத் தொடங்குவார்கள். இறுக்கிப் பிடிப்பது, இழுப்பது, கனம் தூக்குவது எல்லாம் 12 வாரம் கழித்துத்தான். தையலின் தன்மையைப் பொறுத்து இது முன்பின் ஆகும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எண்ணில் எழுதுங்கள். அந்தக் கையால் எத்தனை கிலோ, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம், நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை. "பிழியக் கூடாது, முறுக்கக் கூடாது" என்று தனியாக ஒரு வரி. முதல் வாரம் 4 மணி நேரம் என்றால், மறுநாள் காலைக்குள் வலியும் வீக்கமும் அடங்குகிறதா என்று பார்த்துத்தான் 6 ஆக்க வேண்டும். அந்தத் தாள் ஆபீஸ் ஃபைலில் தூங்கக் கூடாது. ஷிப்ட் மாறினால் புது சூப்பர்வைசர் கையிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிரிட்டனில் 2010-லேயே மருத்துவச் சான்றிதழை மாற்றிவிட்டார்கள். படிப்படியாகத் திரும்புவது, நேரம் மாற்றுவது, வேலை மாற்றுவது, பணியிடத்தில் வசதி செய்வது என நான்கையும் அதில் குறிக்கலாம்.

"சின்ன யூனிட்டில் இதெல்லாம் நடக்குமா?" என்பீர்கள். ஒரு தாள், ஒரு பேனா. நடக்கும்.

"முழுசா குணமாகி வரட்டுமே" என்பது கேட்க நல்லெண்ணமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே இருக்க இருக்கத் தசை வற்றும், மூட்டு இறுகும், திரும்பிப் போகிற பயம் வளரும். முதுகுவலிக்குக்கூட நீண்ட படுக்கை ஓய்வு இப்போது யாரும் சொல்வதில்லை. சீக்கிரம் வரட்டும், ஆனால் அளவோடு வரட்டும்.

"நடிக்கிறவங்க இருக்காங்களே" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்ல? அறுந்த தசைநாணை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

இத்தனை வாரத்தில் "கை எப்படி இருக்கு, எதைப் பிடிக்க முடியுது?" என்று அவனிடம் ஒரு போன் போட்டுக் கேட்டவர் உண்டா? கேட்டிருந்தால் ஈரத்துணி அவன் கைக்குப் போயிருக்காது. இனி நேரடியாக இணைக்க முடியாமல் போனால், வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும்.

அந்த விளக்கத்திலிருந்து "பொறுப்பில்லாமல்" என்ற வார்த்தையையாவது எடுத்துவிடுங்கள். அவன் வீட்டிலும் படிப்பார்கள்.