குத்தினாலும் சாகலைன்னா எப்படிங்க?
அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேம் தொடர் பதுங்கித் தாக்கும் பாணியிலிருந்து மாறியதற்கு ரசிகர்கள் வீணாகப் புலம்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், சரிங்க, ஆனால் 2017-ல் அந்தத் தொடரில் எகிப்தில் நடக்கும் ஆரிஜின்ஸ் வந்தபோது ஈரோட்டில் ஒரே அறையில் நாலு பேர் மாற்றி மாற்றி விளையாடிய எங்களுக்கு வலித்த இடமே வேறு. கூரை ஏறி, வைக்கோலுக்குள் பதுங்கி, பொறுமையாகக் காத்திருந்து எதிரியின் பின்னால் போய்க் குத்தினால், அவன் லெவல் (கேம் போடும் பலக் கணக்கு) நம்மைவிடக் கூட என்பதற்காகச் சாகாமல் திரும்பி நின்று அடிக்கிறான்! அடுத்து வந்த ஒடிசியில் மணிக்கட்டில் ஒளித்து வைத்துக் குத்தும் அந்த மறைகத்தியே நம்ம கையில் இல்லை. எகிப்து அழகுதான், மறுக்கவில்லை, நைல் கரைப் பச்சையைப் பார்த்தால் எங்க காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் மாதிரியே இருக்கும். அப்புறம் 2023-ல் வந்த மிராஜ் கேம் பாக்தாத்துக்குப் போய் மறுபடியும் பதுங்கித் தாக்கும் பழைய பாணிக்கு வந்ததே, அது சும்மாவா? (அதில் வாள் சண்டை சுமார்தான்.)