பட்ட மரம் என்று நினைத்திருந்தேன்

"ஐபேடில் விரலால் தேய்ப்பதெல்லாம் ஓவியமா?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஐபேடிலும் வரைந்த ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. 2021 மே கடைசியில் லண்டன் ராயல் அகாடமியில் அவருடைய 'வசந்தத்தின் வருகை, நார்மண்டி, 2020' கண்காட்சியைப் பார்த்த நாளிலிருந்து மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் தெரு மரங்கள் எல்லாம் பட்டுப்போய்விட்டன என்றே நினைத்தேன். பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. நம்மூரில் அப்படி நின்றால் விறகுக்கு வெட்டிவிடுவார்கள். மார்ச்சில் ஒருநாள் கிளை நுனியில் ஊசிமுனை அளவு பச்சை. நாலு நாள் கவனிக்காமல் விட்டேன், மரமே மாறிவிட்டது. இளவேனில் என்றால் நமக்குச் சித்திரை வெயில், மாம்பழம், வேப்பம்பூ. இங்கே ஏன் இப்படி ஏங்குகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுகிறது.

நிலக்காட்சி வரைகிறவருக்கு அந்த வேகம்தான் பெரிய தொல்லை. எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும். நீர்வண்ணம் சீக்கிரம் காய்ந்தாலும், அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் எடுபடாது. ஐபேடில் காயவேண்டியது எதுவுமே இல்லை. ஹாக்னி 2009இல் ஐபோனில் கட்டைவிரலால் வரையத் தொடங்கினார். யார்க்‌ஷயரின் பிரிட்லிங்டன் வீட்டில், படுக்கையில் இருந்தபடி, விளக்குப் போடாமலே விடியலை வரைந்திருக்கிறார். திரையே வெளிச்சம் தருகிறதே! மறு ஆண்டு ஐபேட் வந்தது. 2011இல் வோல்ட்கேட் என்ற கிராமத்துச் சாலைக்கே திரும்பத் திரும்பப் போய், பனிக்காலத்திலிருந்து இலை மூடும் வரை வரைந்தார். அதில் 51 ஐபேட் படங்களும், 32 கான்வாஸ்களைச் சேர்த்து வரைந்த பெரிய எண்ணெய் ஓவியமும் அந்த வரிசையில் சேர்ந்தன. 2012இல் அவற்றை இதே ராயல் அகாடமியில்தான் வைத்தார்கள். ஒவ்வொரு ஐபேட் படத்தின் பெயரிலும் தேதி உண்டு. எனக்கு அந்தத் தேதிகள் மிக முக்கியம். ஜனவரியில் கரிக்கோடாக நின்ற வேலி, மே மாதம் வெள்ளைப் பூவாகச் சரிந்து கிடக்கிறது. இதை ஒருநாள் போய்ப் பார்த்து வரைந்துவிட முடியாது.

2020இல் அவருக்கு 82 வயது. ஊரடங்கில் பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள வீட்டிலேயே இருந்தார். தோட்டத்து ஆப்பிள், பேரி, செர்ரி மரங்கள்தான் உலகம். மார்ச்சில் டாஃபடில் பூக்களின் படம் ஒன்றை வெளியிட்டார். 'வசந்தத்தை அவர்களால் ரத்து செய்ய முடியாது, மறந்துவிடாதீர்கள்' என்பது அதன் பெயர். உடற்பயிற்சிக்கு என்று நாளுக்கு ஒருமுறை மட்டும் வெளியே விட்ட காலம் அது. நான் அந்தப் படத்தை போனில் வைத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்திருக்கிறேன். அப்படி ஒரு படம் எனக்குத் துணையாக இருந்ததில்லை.

கண்காட்சியில் 116 படங்கள். அறைக்கு அறை நாட்கள் நகர்ந்தன. ஒரே மரம் மொட்டையாக, பிறகு மொட்டோடு, பிறகு பூவோடு வந்தது. மழைத்துளி விழுந்து குளத்தில் வட்டம் போடும் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. கையளவுத் திரையில் பிறந்தவற்றைக் காகிதத்தில் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். எண்ணெய் ஓவியத்தின் அருகே போனால் வண்ணத்தின் தடிமனும் தூரிகை இழுத்த தடமும் தெரியும். இங்கே கிட்டப்போனால் ஒரே அச்சில் குத்திய புள்ளிகளும் மழமழவென்ற கோடுகளும்தான். பத்தடி பின்னால் வந்ததும் காற்றும் ஈரமும் திரும்பக் கிடைத்தன. அதைவிடப் பெரிய இழப்பு, உள்ளிருந்து வந்த ஒளி. அவர் விடியலை வரைந்தது ஒளிரும் கண்ணாடியில். நாம் பார்ப்பது விளக்கடித்த காகிதத்தில். 2010இல் பாரிசில், பியர் பெர்ஜே – ஈவ் சாங் லோரான் அறக்கட்டளையில், அவருடைய அப்போதைய படங்களை ஐபோனிலும் ஐபேடிலுமே வைத்துக் காட்டினார்கள். அதுதான் சரி என்று நினைக்கிறேன். கோடு கோடாகப் படம் உருவாவதை, அவர் வரையப் பயன்படுத்திய ஆப் பதிந்துவைத்து ஓட்டியும் காட்டும். மரம் துளிர்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான காட்சி எது?

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான்: கருவி அவருக்குக் கொடுத்தது மரத்துக்கு ஈடுகொடுக்கும் வேகம். தினமும் போய் அதே மரத்தைப் பார்த்தது அவர் கண்தான், அதை எந்த ஆப்பும் செய்து தராது.

அப்புறம், கண்காட்சியைப் பார்த்த அந்த மே மாதம் முழுக்க, தினமும் இரவு 8:21க்கு பிக்காடில்லி சர்க்கஸின் பெரிய விளம்பரத் திரையில் அவர் ஐபேடில் வரைந்த சூரிய உதயம் இரண்டரை நிமிடம் ஓடியது. அகாடமியிலிருந்து சில நிமிட நடைதான். ஒரு காபியை வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். பொழுது இன்னும் சாயவில்லை. விளம்பரங்கள் சட்டென்று நின்றன. மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பித் திரை முழுவதையும் நிறைத்தன. பக்கத்தில் நின்ற டெலிவரிப் பையன் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.