யோபு 4:7-இல் பேசுவது யார்?

நல்ல கடவுள் இருக்கையில் ஒருவர் துன்பப்பட்டால் அவருடைய பாவம்தான் காரணம், “குற்றமில்லாதவன் அழிவதில்லை” என்று பைபிளே சொல்கிறது எனப் பைபிளில் உள்ள யோபு புத்தகத்தின் 4:7-ஐ (4-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம்) காட்டிச் சிலர் எழுதுகிறார்கள். வசன எண் சரிதான். ஆனால் அது கடவுள் சொன்னதல்ல. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த யோபுவிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பர் எலிப்பாஸ் பேசியது. அந்த அதிகாரத்தின் முதல் வசனமே பேசுவது அவர்தான் என்று சொல்லிவிடுகிறது.

அப்புறம் 42:7-ஐப் பாருங்கள். கடவுள் அதே எலிப்பாஸின் பெயரைச் சொல்லி, உன்மேலும் உன் இரண்டு நண்பர்கள்மேலும் எனக்குக் கோபம், நீங்கள் யோபுவைப்போல என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அதற்கடுத்த வசனத்தில் அவர்களைப் பலி செலுத்தச் சொல்கிறார். அவர்களுக்காக வேண்டிக்கொள்ளப்போவதும் யோபுதான். துக்க வீட்டுக்கு இந்த வசனத்தை அனுப்புகிறவர்கள் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொரு இடம் 2:3. யோபுவின் அழிவுக்குக் காரணம் எதுவும் இல்லை என்று அங்கே கடவுளே சாத்தானிடம் சொல்கிறார். வீட்டில் எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தாலும் சரி, 4:1, 42:7, 2:3 என்ற வரிசையில் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.