பாண் வண்டிக்காரரே, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ

மார்கழியில் யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பது ஒரு தனிச் சுகம். மழை விட்ட ஈர வளவு, விறாந்தையில் பாய், மடியில் அம்மாவின் பழைய சேலைகளை வெட்டி வைத்த துண்டுகள். அவற்றைப் பொருத்திப் போர்வை தைப்பேன், நடுநடுவே நிமிர்ந்து குருவி பார்ப்பேன். இது என்ன பெரிய ஆசையா? விடுகிறார்களா!

இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்குப் பயந்து இவ்வளவு தூரம் பறந்து வந்த ஆறுமணிக்குருவி, கிணற்றடியில் வாழைச் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. பச்சை முதுகு, வாலடியில் செக்கச் சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மூச்சுக்கூட விடாமல் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஒழுங்கை முடக்கில், பாணும் பணிசும் விற்கிற உங்கள் ஓட்டோவின் அந்த ட்யூன்! பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ மெட்டாம். இந்த ஓட்டோ ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் மனுஷன் அன்றைக்கே பேனாவை முறித்திருப்பார். குருவி போச்சு, ஊசி விரலில் ஏறினதுதான் மிச்சம். வேலிக்கரைப் புலுனிக் குருவிக் கூட்டம் வேறு ஊரைக் கூட்டுகிறது, அதற்குப் பக்கத்து வீட்டு நாய் பின்பாட்டு.

காலையில் வந்தீர்கள், சரி, பாண் வேண்டும். பத்து மணிக்கு ஏன்? சோறு தின்னுகிற நேரத்தில் யாருக்கு ஐயா பணிஸ்? பின்னேரம் இன்னொரு வண்டி, அதே மெட்டு, பட்டறி இறங்கி இழுவையாக. ஆளில்லாத ஒழுங்கையில் நிறுத்தி வைத்து ஊதினால் பாண் தானாக விற்குமா?

இதில் என் வீட்டுக்காரர் வேறு, "மாலு பணிஸ் இருக்கா எண்டு கேளுமன்" என்கிறார்.