கொடுங்கையூரில் என்ன விளையுது?

எம்.எஸ்சி. சேர்க்கை நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். "கொடுங்கையூரா? அங்கே என்னம்மா விளையுது?" அறையே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். வடசென்னையில் குப்பைமேட்டுக்குப் பேர்போன இடம் எங்களுடையது. "குப்பை சார்" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாய் வரவில்லை.

உழவியல் முதுகலை முடித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். "ஊர்ல ஒரு சென்ட் நிலம் இல்ல, இவளுக்கு எதுக்கு வேளாண்மை?" என்று அவள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

நிலம் இல்லைதான். ஆனால் பயிருக்குப் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கே கிளம்புகிறது, கடைசியில் எங்கே போய் விழுகிறது என்ற இரண்டு முனையையும் பார்த்து வளர்ந்தவள் நான். என் நைனா லாரி டிரைவர். மணலியில் யூரியா லோடு ஏற்றித் தஞ்சாவூர் வரை போவார். வயலில் விளைவது செங்குன்றம் மில், மண்டி என்று சுற்றி, நம் வீட்டில் சோறாகி, மீந்தது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டுக்கு வரும். சாக்கடையில் போனது கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. 2019இலிருந்து அங்கே ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரை சுத்தம் செய்து மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்ப வசதி இருக்கிறது. தண்ணீருக்காவது திரும்பிப் போக வழி பிறந்தது. தழைச்சத்துக்கு இன்னும் பிறக்கவில்லை.

இது வகுப்பில் வரவே இல்லை என்பதுதான் என் வருத்தம். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற நெல் பாசன முறையை நன்றாகவே நடத்தினார்கள். ஓட்டை போட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகுதான் பாய்ச்சுவது. தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறையும். குறை சொல்ல முடியாது. ஆனால் கதிரடித்து, மகசூலை எடை போட்டு, அட்டவணை எழுதியதும் பாடம் முடிந்துவிடும். அந்த நெல் அப்புறம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

"யூரியாவை நிறுத்து, குப்பை உரம் போடு" என்று சுலபமாகச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து. நகரக் குப்பை உரத்தில் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்ச அளவு 0.8 சதவீதம். ஒரு மூட்டைக்கு ஈடு கட்ட இரண்டரை டன் வேண்டும். அதுவும் முதல் போகத்திலேயே முழுசாகக் கிடைக்காது. (குப்பை உரம் மண்ணுக்குக் கரிமச்சத்தும் தரும், யூரியா தராது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.) ஏக்கருக்கு மூன்று மூட்டை போடும் பொன்னேரி விவசாயிக்கு ஏழெட்டு டன். நைனாவிடம் சொன்னேன். "டீசல் காசு யார் குடுப்பா?" என்றார். என் ஆய்வேட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த வருடம் முடிவதற்குள் பின்வாங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்று, சுத்தம். நச்சு உலோகங்கள் குப்பை உரத்தில் கலந்துவிடக் கூடாது: காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே ஆணை. நாமோ சாம்பார் வண்டலையும் தீர்ந்துபோன பேட்டரியையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வண்டியில் கொடுக்கிறோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் கத்திக்கொண்டு வருகிற அந்த அக்காவுக்குத் தெரிந்த மண்ணியல் நமக்குத் தெரியவில்லை.

தெருப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்: ஆய்வுக்கு இன்னொரு உர அளவுத் தலைப்பை எடுக்காதே. தரம் பிரித்த குப்பையில் செய்த உரத்தைப் பொன்னேரியில் ஒரு வயலில் இரண்டு மூன்று போகம் போட்டுப் பார். மகசூலோடு வண்டி வாடகையையும் எழுது. நைனா லாரியை விற்றுவிட்டார்தான். ஆனாலும் லோடு கணக்கை அவர் போட்டுத் தருவார், அதற்கு நான் கேரண்டி.