வீதியில் படுத்தால் அங்கொடையா?

"கொழும்பு புறக்கோட்டையில் வீதியோரம் படுப்பவர்களைப் பொலிஸ் பிடித்து அங்கொடை மனநல வைத்தியசாலையில் ஆயுசுக்கும் அடைக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

வீடில்லாமை ஒரு நோய் அல்ல. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் செருப்பைத் தலைக்கு வைத்து, உரப்பையைப் போர்த்தித் தூங்கும் ஐயா வெறுமனே களைத்துப்போனவராக இருக்கலாம். 1873ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டம் பழையதுதான், மாற்றவேண்டியதும்தான். ஆனால் அதிலும் பொலிஸ் கொண்டுவருபவரை நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், வைத்தியர் பார்க்க வேண்டும். அலைந்து திரிவோர் பற்றிய 1841ஆம் ஆண்டுச் சட்டம் வேறு; அது வைத்தியத்துக்கானதே அல்ல.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், விரும்பியும் சேரலாம். சரி, ஒருவர் சாப்பிடாமல், பயந்து, தனியே பேசிக்கொண்டு கிடந்தால்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.